தணித்தலின் வரலாறு: திருத்தணி வட்டாரத்தில் குழந்தைகளின் தொண்டைச் சதை அழற்சிச் சுரமும் பராமரிப்பு மரபுகளும்

ஆய்வுச் சுருக்கம்

கைக்குழந்தைக்குத் தொண்டைச் சதை அழற்சியால் வரும் சுரம் பெரும்பாலும் சில நாள்களில் தானே தணிவது. ஆயினும் அச்சுரத்தை எதிர்கொண்ட முறைகளின் வரலாறு எளியதன்று. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் திருத்தணி வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, வழிபாடு, வீட்டு மருத்துவம், சித்த மருத்துவம், மருத்துவமனை மருத்துவம் ஆகிய நான்கு நிலைகளில் இச்சுரம் எவ்வாறு பெயரிடப்பட்டது, எவ்வாறு தணிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நோயினால் விளைந்த தீங்கோடு, நோயைத் தணிக்க முற்பட்ட கையின் மிகையால் விளைந்த தீங்கும் இவ்வரலாற்றில் தொடர்ந்து காணப்படுகிறது என்பதும், அம்மிகை மரபு மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: திருத்தணி, சுரம், தொண்டைச் சதை அழற்சி, உண்ணாக்கு, பாலவாகடம், உரைமருந்து, பாராசிட்டமால், மருந்தளவு.

முன்னுரை

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனின் கடமையை மூன்று படிகளாக வகுக்கிறது. நோய் இன்னதென அறிதல், அதன் காரணத்தை அறிதல், அதனைத் தணிக்கும் வழியை அறிதல் என்பன அவை (குறள் 948). நோயை அழித்தல், வெல்லுதல் என்று கூறாமல் ‘தணித்தல்’ என்னும் வினையை வள்ளுவர் ஆண்டிருப்பது கருதத்தக்கது. அடுத்த குறள், நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதிச் செயற்படுமாறு கற்றவனைப் பணிக்கிறது (குறள் 949).

குழந்தையின் சுரத்துக்கு இவ்விரு குறள்களும் கூடுதலாகப் பொருந்துகின்றன. கைக்குழந்தை தன் நோயைச் சொல்லாது. தொண்டை வலிக்கிறது என்பதை அது பாலை மறுப்பதாலும், விழுங்கும்போது அழுவதாலும், எச்சில் வடிப்பதாலும் மட்டுமே உணர்த்த இயலும். ஆகவே உடல் சுடுகிறது என்பது முதலில் தெரிகிறது. தொண்டையில் நோய் இருப்பது பின்னரே தெரிகிறது. காரணம் பெரும்பாலும் தெரியாமலே போகிறது. இந்த இடைவெளியை ஒவ்வொரு காலமும் தனக்குக் கிடைத்த அறிவைக் கொண்டு நிரப்பியது. நிரப்பிய விதத்தில் எது குழந்தையைக் காத்தது, எது வருத்தியது என்பதே இக்கட்டுரையின் வினா.

தணிகை: இடமும் எல்லையும்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்தது திருத்தணி. சூரனோடு பொருத முருகனின் சினம் தணிந்த இடமாதலின் தணிகை எனப் பெயர் பெற்றது என்பது தலமரபு. 18ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் இயற்றிய தணிகைப் புராணம் இத்தலத்தைப் பாடுவது. பாடல் பெற்ற முருகன் தலமாயினும், இங்கு வரும் அடியவரில் தெலுங்கு பேசுவோரும் பெருந்தொகையினர்.

ஆட்சி எல்லைகள் இவ்வூரைப் பலமுறை இடம் மாற்றின. கார்வேட்டி நகர் ஜமீன் பகுதியாக, வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் சென்றது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாநிலத்தின் ஊராயிற்று. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவும், படாஸ்கர் குழுவின் பரிந்துரைப்படியும், 1.4.1960 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்து செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

இவ்வரலாறு மருத்துவ வரலாற்றுக்கு இரு வகையில் பயன்படுகிறது. ஒன்று, நோய்ப்பெயர்களும் வைத்திய வழக்குகளும் இரு மொழிகளில் அருகருகே வாழும் களம் இது. மற்றொன்று, ஆட்சி எல்லை எங்கே இருப்பினும் இவ்வட்டாரத்தின் தொலைவும் போக்குவரத்தும் அவ்வளவாக மாறவில்லை. தொடர்வண்டிப் பாதை அரக்கோணம் வழியாகச் சென்னையை இணைத்தது. மேற்கே வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி, 1902இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனையாக வளர்ந்தது. சென்னை எழும்பூரில் 1940களின் இறுதியில் எஸ்.டி. ஆச்சார் முன்னின்று வளர்த்த குழந்தை மருத்துவத் துறை, பின்னர்க் குழந்தைகள் நல நிலையமாக விரிந்தது. எல்லை ஊர் ஒன்றில் கடுஞ்சுரம் கண்ட குழந்தையின் வரலாறு, மலைக்கோயிலுக்கும் இத்தகைய நகர மருத்துவமனைகளுக்கும் இடைப்பட்ட தொலைவின் வரலாறும் ஆகும்.

சொற்களில் நோய்

தமிழில் உடல் வெப்பத்தைக் குறிக்கச் சுரம், காய்ச்சல், வெப்பு, வெதுப்பு எனப் பல சொற்கள் உள. இவற்றுள் பெரும்பாலானவை வெப்பத்தையே நோயாகக் கருதியவை. குழந்தையைப் பொறுத்தவரை இச்சொற்களோடு காரணம் சுட்டும் அடைகள் சேர்ந்தன. செரியாமையால் வருவது மாந்தச்சுரம். உடல் மெலிந்து நாளடைவில் தொடர்வது கணச்சுரம். இரண்டும் வயிற்றையும் உடற்கட்டையும் நோக்கியவை. தொண்டை தனி நோயிடமாகவே பேசப்பட்டது.

தொண்டைக்கு வந்தால் சொற்குழப்பம் மிகுகிறது. வாயின் பின்புறம் நடுவில் தொங்கும் சிறு தசை உண்ணாக்கு. பேச்சு வழக்கில் உள்நாக்கு. அதன் இருபுறமும் பக்கச் சுவரில் உள்ள நிணத் திரள்களே டான்சில் எனப்படும் தொண்டைச் சதைகள். அடிநாச்சதை என்பதும் இதன் பெயர். உடற்கூற்றில் இவை வெவ்வேறு உறுப்புகள். வழக்கிலோ சதை வீங்கினாலும் ‘உள்நாக்கு வளர்ந்துவிட்டது’, ‘உள்நாக்கு விழுந்துவிட்டது’ என்பர். பெயர் பிழைபட்டதால் கையும் பிழையான உறுப்பைத் தொட்டது.

சித்த மருத்துவம் அழற்சியைத் தாபிதம் என வழங்கும். தொண்டைச் சதை அழற்சிக்குத் தொண்டைத் தாபிதம் என்னும் வழக்கு அத்துறையில் உண்டு. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை துண்டிகேரி என்னும் பெயரில் இதனை ஒத்த நோயைக் கூறி, உண்ணாக்கு நோயாகிய கலசுண்டிகையினின்று வேறுபடுத்துகிறது. நூல்மரபு பிரித்த இரண்டையும் வழக்கு ஒன்றாக்கியது என்பது இதனால் விளங்கும்.

அருணகிரிநாதர் திருத்தணியில் பாடிய திருப்புகழ் ஒன்று நோய்களின் பட்டியலாகவே அமைந்தது. இருமல், முயலகன், வாதம், நீரிழிவு, தலைவலி, சோகை முதலியவற்றோடு களமாலை என்பதும் அதில் இடம்பெறுகிறது. களம் என்பது கழுத்து. கழுத்தில் மாலைபோல் கட்டிகள் எழும் நோய் களமாலை, அதாவது கண்டமாலை. இது தொண்டைச் சதை அழற்சி அன்று. எனினும் தொண்டையின் உள்வீக்கத்தோடு கழுத்துக் கட்டிகள் புடைப்பதை மக்கள் கண்டிருப்பர். 15ஆம் நூற்றாண்டில் தணிகை முருகனிடம் முறையிடத்தக்க நோய்களில் கழுத்து வீக்கமும் ஒன்றாக இருந்தமைக்கு இப்பாடல் சான்று.

எல்லைக்கு அப்பால் தெலுங்கில் உண்ணாக்குக்குக் கொண்டநாலுக என்பது பெயர். ‘கொண்டநாலுகவுக்கு மருந்து போட, இருந்த நாலுகவும் போயிற்று’ என்னும் பொருளில் அம்மொழியில் ஒரு பழமொழி பெருவழக்காக உள்ளது. சிறு குறையைத் தீர்க்கப் புகுந்து பெருங்கேட்டை வருவித்தல் என்பது அதன் கருத்து. அறிவுரை கூற எத்தனையோ நோய்கள் இருக்க, பழமொழி உண்ணாக்கு வைத்தியத்தையே எடுத்துக்கொண்டது தற்செயலாக இராது. தொண்டைக்குள் மிகையாகக் கைவைப்பதன் தீங்கை மருத்துவ நூல்களுக்கு வெளியே மக்களே உணர்ந்து பதிவு செய்துள்ளனர்.

வழிபாடும் காப்பும்

குழந்தையைத் தீங்கு அணுகாமல் காத்தல் தமிழ் மரபில் இலக்கிய வடிவமே பெற்றது. சங்கப் பாடல்கள் குழந்தையின் ஐம்படைத்தாலியைக் குறிக்கின்றன. பிள்ளைத்தமிழ் காப்புப் பருவத்தோடு தொடங்குகிறது. சுரத்தைப் பாடலால் தணித்தல் என்னும் கருத்தும் பழையது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாண்டியனின் வெப்புநோயைத் திருநீற்றுப் பதிகத்தால் தணித்ததையும், கொங்கு நாட்டில் அடியவரை வருத்திய குளிர்சுரத்தைத் திருநீலகண்டப் பதிகத்தால் நீக்கியதையும் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. காஞ்சிபுரத்தில் சுரகரேசுவரர் என்னும் பெயரிலேயே சிவன் கோயில் கொண்டுள்ளார். பல சிவாலயங்களில் மூன்று தலையும் மூன்று காலும் உடைய சுரதேவருக்கு மிளகு ரசம் படைக்கும் வழக்கம் உண்டு. சுரம் கண்டவர்க்கு ஏற்ற உணவே அங்கு நிவேதனமாகிறது.

திருத்தணியில் இம்மரபின் வடிவம் சந்தனம். இந்திரன் அளித்ததாகக் கூறப்படும் கல்லில் அரைத்து முருகனுக்குச் சாத்திய சந்தனத்தை நெற்றியில் இடுவதினும் நீரில் கரைத்து உட்கொள்வதே இங்குச் சிறப்பாகக் கருதப்படுகிறது. பிணி தீர்க்கும் என்பது நம்பிக்கை. ஆடிக் கிருத்திகையின் காவடிகளிலும், குழந்தைகளுக்கு மலையில் முடியிறக்கும் நேர்த்திக்கடன்களிலும் நோயிலிருந்து பிழைத்த குழந்தைகளின் வரலாறு பொதிந்துள்ளது.

இவ்வழிபாட்டு மரபை மருத்துவத்துக்கு எதிரானதாக மட்டும் காண்பது பிழை. பெரும்பாலான தொண்டைச் சுரங்கள் மூன்று முதல் ஐந்து நாள்களில் தாமே தணிபவை. அந்நாள்களில் பெற்றோரின் அச்சத்துக்குப் பற்றுக்கோடாகி, குழந்தையைத் தாயின் மடியில் இருத்திக் காத்திருக்கச் செய்தது வேண்டுதல். உடலைத் துளைக்காத, மருந்தைத் திணிக்காத அளவில் அது தீங்கற்றது. ஆனால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை வேண்டுதல் சொல்லவில்லை. மூச்சு முட்டும் குழந்தைக்கும் மூக்கொழுகும் குழந்தைக்கும் ஒரே காத்திருப்பு அமைந்தபோது அது உயிரிழப்பாக முடிந்தது.

வீட்டு மருத்துவமும் பாலவாகடமும்

சித்த மருத்துவத்தில் குழந்தை மருத்துவப் பகுதி பாலவாகடம் எனப்படும். குழந்தை நோய்களை அகக்காரணத்தால் வருவன, புறக்காரணத்தால் வருவன எனப் பகுப்பது அதன் அடிப்படை. மாந்தமும் கணமும் முதல் வகையின. தோடங்கள் இரண்டாம் வகையின. பாலூட்டும் தாயின் உணவும் பத்தியமும் குழந்தையின் மருத்துவத்தில் அடங்கும் என்னும் கொள்கை இம்மரபின் தனிச்சிறப்பு.

வீட்டில் இதன் எளிய வடிவம் உரைமருந்து. சுட்ட வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு முதலியவற்றைக் கல்லில் தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ உரைத்துப் புகட்டுவர். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்னும் பெயர் இவ்வழக்கால் வந்தது. இத்தனை உரை என்று எண்ணிக் கொடுப்பதும், வயது ஏற உரையைக் கூட்டுவதும் கருதத்தக்கன. எடைக்கருவி இல்லாத வீட்டில் ‘உற்றான் அளவு’ என்னும் குறட்கருத்து செயற்பட்ட விதம் அது. உரைகல்லில் ஓரிரு இழுப்பில் கரைவது மிகச் சிறிதளவே ஆதலால், மருந்தின் மிகை இயல்பாகவே தடுக்கப்பட்டது.

இம்மரபில் காக்கத்தக்கனவும் விலக்கத்தக்கனவும் கலந்துள்ளன. இளஞ்சூட்டுக் கஞ்சிநீர், அடிக்கடி தாய்ப்பால், அமைதியான அறை ஆகியவை இன்றும் பொருந்துவன. ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்னும் வடமொழி வழக்கைக் கைக்குழந்தைக்கும் நீட்டிச் சுரத்தின்போது பாலை நிறுத்தியது தீங்கு. நீரிழப்பு குழந்தையைச் சுரத்தினும் விரைவாகத் தளர்த்தும். மருந்தைத் தேனில் குழைத்து நாவில் தடவும் வழக்கத்தையும் மறு ஆய்வுக்கு உட்படுத்த வேண்டியதாயிற்று. கைக்குழந்தைகளுக்கு வரும் பொட்டுலிசம் என்னும் நரம்புத் தளர்ச்சி நோய் 1976இல் கண்டறியப்பட்டது. அதனை உண்டாக்கும் நுண்ணுயிரின் விதைகள் தேனில் இருக்கக்கூடும் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அதனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. வசம்பில் உள்ள அசரோன் என்னும் பொருள் விலங்காய்வுகளில் புற்று விளைவிப்பதாகக் காணப்பட்டதும் இங்கு நினைக்கத்தக்கது.

மிகுந்த தீங்கு வந்தது தொண்டைக்குள் விரலும் கருவியும் புகுந்தபோது. உப்பும் மிளகும் தொட்ட விரலால் உள்நாக்கைத் தூக்குதல், வட தமிழகத்தில் பரவலாக உள்ள தொக்கம் எடுத்தல் ஆகியவை இவ்வகையின. தொண்டையில் அல்லது வயிற்றில் ஏதோ சிக்கியுள்ளது என்னும் கருத்தில், வாயில் குழல் வைத்து உறிஞ்சி எடுப்பதாகக் காட்டுவது தொக்க வைத்தியம். அழற்சியுற்ற சதையில் விரல் படுவது புண்ணையும் குருதிக் கசிவையும் உண்டாக்கும். வாந்தி மூச்சுக்குழலில் இறங்கவும் கூடும். மூச்சுப்பாதை வீங்கிய குழந்தைக்கு அச்செயல் மூச்சையே அடைக்கலாம். எல்லைத் தெலுங்கின் பழமொழி எச்சரித்தது இதனையே.

வெப்பமானியும் நுண்ணுயிரும்

நவீன மருத்துவ அறிவு தமிழ்ச் சொல்லாக மாறியது 19ஆம் நூற்றாண்டில். யாழ்ப்பாணம் மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, இரணவைத்தியம் (1867), வைத்தியாகரம் (1872) முதலிய நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். அக்காலத்தில்தான் மேலை நாடுகளில் சுரம் என்பதன் பொருளே மாறிக்கொண்டிருந்தது. ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் 1868இல் வெளியிட்ட நூல், சுரம் தனி நோயன்று, நோயின் குறி என்பதை வெப்ப அளவீடுகளால் நிறுவியது. ஆங்கில மருத்துவர் ஆல்பட் 1860களில் வடிவமைத்த சிறிய வெப்பமானி அளவீட்டை எளிதாக்கியது. புறங்கையால் நெற்றியைத் தொட்டறிந்த சூடு எண்ணாயிற்று.

எண் வந்ததும் காரணத்தைத் தேடும் வழி திறந்தது. தொண்டையும் சுரமும் சேர்ந்து வந்தால் அஞ்சத்தக்க முதல் நோயாக அன்று இருந்தது தொண்டை அடைப்பான். தொண்டைச் சதைகளின்மேல் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும் அந்நோய், இன்று டிப்தீரியா என அறியப்படுகிறது. 1890இல் பேரிங்கும் கிடசாட்டோவும் கண்ட எதிர்நச்சும், பின்வந்த தடுப்பூசியும் அதன் கொடுமையைக் குறைத்தன. இந்தியாவில் 1978இல் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டமும், 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் அதனை ஊர்ப்புறங்களுக்குக் கொண்டு சென்றன. 2011 டிசம்பரில் ஐந்து நோய்த் தடுப்பூசி முதலில் தொடங்கப்பட்ட இரு மாநிலங்களுள் தமிழ்நாடு ஒன்று, மற்றது கேரளம். இன்று கைக்குழந்தையின் தொண்டைச் சுரத்தைப் பெற்றோர் ஓரளவு அமைதியோடு எதிர்கொள்ள முடிவது, 6, 10, 14ஆம் வாரங்களில் இடப்படும் அத்தடுப்பூசியின் பயன். தடுப்பூசி விடுபட்ட குழந்தைக்கு அவ்வமைதி பொருந்தாது.

அஞ்சத்தக்க இரண்டாவது, ஸ்டிரெப்டோகாக்கசு என்னும் நுண்ணுயிரால் வரும் தொண்டை அழற்சி. அதன் பின்விளைவாக மூட்டுவாதச் சுரமும் இதய வால்வு நோயும் வரும் தொடர்பை 1930களில் கோபர்ன் முதலியோர் விளக்கினர். பெனிசிலின் அத்தொடரை அறுக்கும் என்பது 1950இல் அமெரிக்கப் படைமுகாம் ஒன்றில் நடந்த ஆய்வால் உறுதிப்பட்டது. இந்நோய் மிகுதியும் 5 முதல் 15 வயது வரையுள்ளோரைத் தாக்குவது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தொண்டைச் சதை அழற்சி பெரும்பாலும் தீநுண்மிகளால் வருவது. தீநுண்மிக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பயன்படாது. எனவே ஒரே வீட்டில் பள்ளிப்பிள்ளைக்குப் பத்து நாள் பெனிசிலின் இன்றியமையாததாகவும், அதன் கைக்குழந்தைத் தங்கைக்கு அதே மருந்து தேவையற்றதாகவும் இருக்கக்கூடும். வெளித்தோற்றம் ஒன்றே, நோய்முதல் வேறு.

மருந்தளவும் மருந்தால் வந்த தீங்கும்

மரபு மருத்துவத்தின் மிகைகளைச் சுட்டுவோர் நவீன மருத்துவத்தின் மிகைகளையும் அதே தராசில் நிறுக்க வேண்டும். 1937இல் அமெரிக்காவில் தொண்டை அழற்சிக்கு இனிப்புச் சாறாக விற்கப்பட்ட சல்பனிலமைடு மருந்தில் டைஎதிலீன் கிளைக்கால் கரைப்பானாகச் சேர்க்கப்பட்டிருந்தது. குழந்தைகள் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு இறந்தனர். அத்துயரம் 1938இல் அந்நாட்டில் புதிய மருந்துச் சட்டத்தைப் பிறப்பித்தது. ஆயினும் வரலாறு பாடம் கற்பித்து முடிக்கவில்லை. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் அதே நச்சு காணப்பட்டது; அதை உட்கொண்ட மத்தியப் பிரதேசக் குழந்தைகள் பலர் இறந்தனர். சளிக்கும் சுரத்துக்கும் தரப்பட்ட மருந்தே உயிரைக் குடித்தது.

ஆஸ்பிரின் வரலாறும் இத்தகையது. 1899 முதல் சுரத்துக்குப் பெருவழக்காக இருந்த அம்மருந்துக்கும், 1963இல் ரை என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர் விளக்கிய மூளை–கல்லீரல் நோய்க்கும் உள்ள தொடர்பு 1980களில் வெளிப்பட்டது. 1986இல் பிரிட்டன் குழந்தைகளுக்கான ஆஸ்பிரினை விலக்கியது. இந்தியாவில் 12 வயதுக்குட்பட்டோர்க்கு நிமசுலைடு 2011இல் தடை செய்யப்பட்டது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலந்த சளி மருந்து நான்கு வயதுக்குட்பட்டோர்க்குக் கூடாது என 2023இல் அறிவுறுத்தப்பட்டது.

இவற்றுக்கிடையே நிலைத்தது பாராசிட்டமால். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கப்பட்டும் கவனிக்கப்படாதிருந்த இம்மருந்து, பிராடி, ஆக்சல்ராடு ஆகியோரின் 1948ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பின் மீண்டெழுந்து, 1955இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான சாறாக விற்பனைக்கு வந்தது. இதன் பாதுகாப்பு முழுவதும் அளவைச் சார்ந்தது. ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 4 முதல் 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மிகாமை என்பது விதி.

இந்தியக் கடைகளில் இம்மருந்து பல செறிவுகளில் கிடைப்பதே இடர். சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் உண்டு. சாறு ஒன்றில் 5 மில்லிலிட்டருக்கு 125, மற்றொன்றில் 250. 8 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 120 மில்லிகிராம் என்றால், சொட்டு மருந்தில் அது 1.2 மில்லிலிட்டர், 125 சாற்றில் 4.8 மில்லிலிட்டர். சாற்றுக்குரிய அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் குழந்தை நான்கு மடங்கு மருந்தை உட்கொள்ளும். அது கல்லீரலைத் தாக்கும். கடையில் ‘காய்ச்சல் மருந்து’ என்று பெயர் மட்டும் சொல்லி வாங்கும் வழக்கம் இவ்விடரைப் பெருக்குகிறது. உரைகல்லில் இயல்பாக அமைந்திருந்த தடை, புட்டியில் இல்லை. அதனை அளவுக்கருவியும் எடையும்தான் ஈடுசெய்ய வேண்டும்.

இன்றைய பராமரிப்பு: தணித்தலும் காத்திருத்தலும்

உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெப்பும் 1990களில் வகுத்த குழந்தை நோய் மேலாண்மை முறை, பச்சிளங்குழந்தைகளையும் உள்ளடக்கி இந்தியாவில் பின்னர் ஏற்கப்பட்டது. எண்ணைக் காட்டிலும் குழந்தையைப் பார் என்பது அதன் சாரம். வயதே முதல் வரம்பு. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு அக்குளில் 37.5 பாகை செல்சியசு இருப்பினும் அது ஆபத்துக் குறி. வீட்டில் மருந்து தந்து காத்திருத்தல் கூடாது, உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையின் சுரத்தையும் மருத்துவர் பார்த்தே தீர வேண்டும்.

அதற்கு மேற்பட்ட குழந்தை பாலருந்தி, சிறுநீர் கழித்து, முகம் பார்த்துச் சிரிக்குமாயின், சுரம் 38.5 பாகை காட்டினும் பொறுத்துக் கவனிக்கலாம். மருந்தின் நோக்கம் எண்ணைக் குறைப்பதன்று. வலியைத் தணித்துக் குழந்தை விழுங்கச் செய்வது. தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி தருதல், இலேசான பருத்தி ஆடை, காற்றோட்டம் ஆகியவை போதும். பனிக்கட்டி நீரில் துடைத்தல், கம்பளியால் பொதிதல் இரண்டும் வேண்டா. ஜன்னி கண்டுவிடும் என்னும் அச்சமே பெற்றோரை மிகை மருந்துக்குத் தள்ளுகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குச் சுரவலிப்பு வரலாம். பெரும்பாலும் அது நிலையான தீங்கு செய்வதில்லை. பாராசிட்டமால் அதனைத் தடுப்பதும் இல்லை. எனினும் வலிப்பு வந்த குழந்தையை மருத்துவர் பார்க்க வேண்டும்.

காத்திருப்பு முடியும் இடத்தைக் காட்டும் குறிகள் தெளிவானவை. பாலருந்த இயலாமை, உண்டதெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினும் விழிக்காத சோர்வு ஆகிய நான்கும் பொதுக்குறிகள். தொண்டையைப் பொறுத்தவரை எச்சில் விழுங்க முடியாமல் வடிதல், மூச்சிழுக்கும்போது கரகரவென ஒலித்தல், விலா உள்வாங்குதல், கழுத்து ஒருபக்கம் வீங்குதல், தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு ஆகியவை உடனடி மருத்துவமனைக்குரியன. இக்குறிகள் உள்ள குழந்தையின் தொண்டையை வீட்டில் கரண்டியால் அழுத்திப் பார்ப்பதும் தவறு. சிறுநீர் குறைதலும், சுரம் ஐந்து நாளுக்கு மேல் நீடித்தலும் மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்.

முடிவுரை

திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து நோக்கிய இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கைக்குழந்தையின் தொண்டைச் சுரம் மரபில் ஒரே நோயாகக் காணப்படவில்லை. சுரம் வயிற்றோடும், தொண்டை உண்ணாக்கோடும் இணைத்துப் பேசப்பட்டன. நோய்ப்பெயரின் மயக்கம் மருத்துவச் செயலின் மயக்கமாயிற்று.

இரண்டாவது, தீங்கின் எல்லை மரபுக்கும் நவீனத்துக்கும் இடையே அமையவில்லை. அளவுக்கும் மிகைக்கும் இடையே அமைந்துள்ளது. விரலால் உண்ணாக்கைத் தூக்கியதும், தீநுண்மிச் சுரத்துக்கு நுண்ணுயிர்க்கொல்லி தந்ததும், சொட்டு மருந்தைக் கரண்டியால் அளந்ததும் ஒரே பிழையின் வேறுவேறு உருவங்கள். அப்பிழையைத் தெலுங்குப் பழமொழி முன்பே இனங்கண்டது.

மூன்றாவது, காத்திருத்தலை மரபு அறிந்திருந்தது. அதன் வரம்பை நவீன மருத்துவமே தந்தது. ஆபத்துக் குறிகளின் பட்டியல் பெற்றோரின் கையில் சேரும்போதுதான் காத்திருத்தல் அறியாமையிலிருந்து பிரிந்து பராமரிப்பாகிறது. அப்பட்டியலும், எடைக்கேற்ற மருந்தளவும் எல்லை ஊர்களில் தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழிகளிலும், உள்நாக்கு, கொண்டநாலுக என்னும் மக்கள் வழக்குகளோடு இணைத்தே சொல்லப்பட வேண்டும். இவ்வட்டாரத்துத் தாய்மார், மருத்துவச்சிகள், கிராமச் செவிலியர் ஆகியோரிடம் வழங்கும் நோய்ப்பெயர்களை இரு மொழியிலும் தொகுத்தல் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வு. அத்தொகுப்பு சொல்லாய்வுக்கு மட்டுமன்றி, அடுத்த சுரத்தில் ஒரு குழந்தை பிழைப்பதற்கும் உதவும்.